பழைய கல்யாண கேசட்டுக்குப் புதிய கோடெக் வேண்டுமா?

போன மாதம் அத்தை தன் கல்யாண கேசட்டை என்னிடம் கொடுத்தார். 1992-ல் எடுத்தது. இ-180 நாடா, மூன்று மணி நேரம் ஓடும். அட்டைப்பெட்டியின் மேல் மணமக்கள் பெயரும் தேதியும் தங்க எழுத்தில் இன்னும் மங்காமல் இருந்தன. உள்ளே நாடாச் சுருளின் ஓரத்தில் மட்டும் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை தொடங்கியிருந்தது.

"மருமகனே, எங்கம்மா நடமாடுறது ஒழுங்கா தெரியுற படம் இது ஒண்ணுதான். பாத்து எடுப்பா" என்றார்.

அத்தையின் அம்மா என் அப்பத்தா. 1996-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். கேசட்டை மஞ்சப்பையில் வைத்து எடுத்துவரும்போது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது போலத்தான் இருந்தது.

மதுரையில் டெக் ரிப்பேர் தெரிந்த பெரியவர் ஒருவர் பூஞ்சையைத் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே டெக்கில் போட்டால் படமெடுக்கும் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் அது பரவும். நாடா ஓடத் தயாரானது. அடுத்த கேள்வி: கம்ப்யூட்டரில் எந்த வடிவத்தில், அதாவது படத்தைச் சுருக்கும் எந்தக் கோடெக்கில், சேமிப்பது?

மென்பொருள் வேலையில் இருக்கும் என் தம்பி யோசிக்காமல் சொன்னான்: "அண்ணே, ஏவி1-ல போடுங்க. இன்னும் எச்.264-ஐப் புடிச்சிக்கிட்டு இருக்காதீங்க. அது 2003-ல வந்தது." அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மூன்று வாரம் ஒரே கேசட்டை வைத்துக்கொண்டு பல வடிவங்களில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீட்டில் பழைய கேசட்டோ டிவிடியோ வைத்திருக்கும் யாருக்கும் உதவும் என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு விசிடி கற்றுக்கொடுத்தது

முதலில் 1989-ல் நடந்த சித்தப்பா கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கும் ஒரு கேசட் இருந்தது. 2002 வாக்கில், எல்லாரும் விசிடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், ஒரு கடையில் கொடுத்து அதை விசிடியாக்கினோம். மூன்று வட்டுகள் வந்தன. இனி கேசட் எதற்கு என்று அதைத் திரும்ப வாங்கவே இல்லை.

இன்று அந்த விசிடியைப் போட்டால் வயிறு எரிகிறது. விசிடி 1993-ல் வந்த ஏற்பாடு. அதற்குள் இருப்பது எம்பெக்-1. நம் ஊர் 'பால்' (PAL) டிவி முறைக்கு அதன் படம் 352-க்கு 288 புள்ளிகள். ஒரு நொடிக்கு 1150 கிலோபிட் மட்டுமே படத்துக்கு ஒதுக்கலாம். பாட்டு கேட்கும் சிடியின் வேகத்திலேயே ஓடும் வட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படத்தை அடக்க வேண்டும் என்பதற்காக அன்று வகுத்த அளவு அது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான். ஆனால் கேசட்டில் 576 வரி இருந்த படம் பாதி வரியாகக் குறைந்தது. நொடிக்கு 50 தடவை பதிவான அசைவு 25 ஆனது.

தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழும் காட்சியில் படம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது. பின்வரிசையில் நின்று கை தூக்கி அட்சதை போடும் அப்பத்தாவின் முகம் நாலைந்து பழுப்புக் கட்டங்களாக நிற்கிறது. கேசட் இல்லை. எந்தப் புதிய மென்பொருளாலும் அந்த முகத்தை இனி மீட்க முடியாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தெளிவாக்கலாம் என்பார்கள். அது வரைவது யாரோ ஒரு கிழவியின் முகமாக இருக்கும், என் அப்பத்தாவுடையதாக இருக்காது.

நாடாவில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

அத்தையின் கேசட் விஎச்எஸ் வகை; 1976-ல் ஜேவிசி நிறுவனம் ஜப்பானில் அறிமுகப்படுத்திய முறை அது. அகலவாட்டில் அது காட்டும் நுணுக்கம் சுமார் 240 வரி. நிறத்தில் இன்னும் குறைவு. ஆகவே 720-க்கு 576 என்ற அளவில் அதைப் பிடித்தால் தாராளமாகப் போதும். அதற்கு மேல் பெரிதாக்கிச் சேமிப்பதால் புதிதாக எதுவும் வந்து சேராது.

படத்தோடு கூடவே இரைச்சலும் இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் இருட்டு மூலைகளை உற்றுப் பாருங்கள், எறும்பு ஊர்வது போல ஒன்று ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். வரிகள் இடமும் வலமுமாக லேசாக நெளியும். அடிப்பக்கம் சில வரிகள் கிழிந்து ஆடும். பழைய படக்குழாய் டிவி ஓரங்களை மறைத்துவிட்டதால் அந்தக் கிழிசல் அன்று நம் கண்ணில் படவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல டெக், சுத்தமான ஹெட், வரி நெளிவைச் சரிசெய்யும் கருவி, உருப்படியான கேப்சர் கார்டு ஆகியவைதான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. கோடெக் வேலை அதற்குப் பிறகுதான்.

போன கடிதத்தில் எழுதியபடியே

கோடெக் என்ன செய்கிறது? வெளியூரில் இருக்கும் மகனுக்கு வாராவாரம் கடிதம் எழுதும் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்தில் வீடு, தோட்டம், மாடு, கிணறு என எல்லாவற்றையும் எழுதுவார். அடுத்த வாரம், "மற்றவை போன கடிதத்தில் எழுதியபடியே. மாடு கன்று போட்டிருக்கிறது" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்.

எம்பெக்-1 முதல் ஏவி1 வரை அடிப்படை இதுதான். அவ்வப்போது ஒரு முழுப் படம். இடையில் வருபவற்றுக்கு, எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்ற சேதி மட்டும். புதிய கோடெக்குகள் இதில் கெட்டிக்காரத்தனத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. எம்பெக்-2 படத்தை 16-க்கு 16 கட்டங்களாகப் பிரிக்கும். எச்.264 அந்தக் கட்டத்தை 4-க்கு 4 வரை சின்னதாக்கிக்கொள்ளும், பல பழைய படங்களைத் திரும்பிப் பார்த்து ஒப்பிடும், கட்டங்களின் விளிம்பைத் தானே மழுங்கவும் வைக்கும். 2013-ல் வந்த எச்.265 கட்டத்தை 64-க்கு 64 வரை பெரிதாக்கிக்கொள்ளலாம். 2018-ல் வந்த ஏவி1-ல் அது 128-க்கு 128 வரை போகும்.

பெரிய கட்டம் எதற்கு? 4கே படத்தில் நீல வானம் லட்சக்கணக்கான புள்ளிகளுக்குப் பரவிக் கிடக்கும். அதைச் சின்னச் சின்னதாக விவரிப்பது வீண், ஒரே கட்டமாகச் சொல்லிவிடலாம். நம் கல்யாணப் படத்தின் மொத்த உயரமே 576 புள்ளி. 64 கட்டம் ஒன்பது வைத்தால் முடிந்துவிட்டது. ஒரே கட்டத்துக்குள் ஒருவரின் தலையே அடங்கிவிடும். பெரிய கட்டத்துக்கு இங்கே அதிக வேலை இல்லை.

எச்.265 தயாரானபின் ஆட்களை உட்காரவைத்துக் கண்ணால் பார்க்கச் சொல்லி நடத்திய சோதனையிலும் இந்தப் போக்கு தெரிந்தது. எச்.264-உடன் ஒப்பிட்டபோது 4கே படத்தில் சுமார் 64 சதவீதம் மிச்சமானது. 480 வரிப் படத்தில் அது சுமார் 52 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தாலும் பாதி மிச்சம் என்பது லேசுப்பட்டதல்ல. ஆனால் அவை சோதனைக்கென்று தேர்ந்தெடுத்த படங்கள். முப்பது வருட விஎச்எஸ் நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் புதிதாகப் பிறக்கிறது. கடிதம் எழுதும் அப்பாவுக்கு ஒவ்வொரு எறும்பும் புதுச் சேதி. கோடெக்கின் சக்தியில் பெரும்பகுதி அந்த எறும்புகளுக்கே செலவாகிவிடுகிறது.

உடைவதும் உருகுவதும்

இரண்டு காட்சிகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். ஒன்று, கெட்டிமேளத்தின்போது அட்சதை பொழிவது. நூற்றுக்கணக்கான அரிசியும் பூவும் ஆளுக்கொரு திசையில் பறக்க, மேலே வீடியோ லைட் பளீரென்று அடிக்கும். எந்தக் கோடெக்குக்கும் இதைவிடக் கடினமான பரீட்சை இருக்காது. இன்னொன்று, பந்தியில் அப்பத்தா "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே திரும்புவது. அப்போது அவர் காதில் தண்டட்டி இரண்டும் ஆடும்.

நொடிக்கு 800 கிலோபிட் என்று வேண்டுமென்றே ஒடுக்கிப் பார்த்தேன். எம்பெக்-2 விசிடியைப் போலவே சதுரங்களாக நொறுங்கியது. எச்.264 ஓரளவு தாக்குப்பிடித்தது. எச்.265-ம் ஏவி1-ம் சந்தேகமே இல்லாமல் மேலே நின்றன. இடம் மிகக் குறைவாக இருந்தால் புதியதுதான் நல்லது. தம்பி சொன்னது அந்த இடத்தில் சரி.

ஆனால் இரண்டாம் காட்சியை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. புதிய கோடெக்கில் படம் வழவழவென்று அழகாக இருந்தது. அப்பத்தாவின் கன்னத்துச் சுருக்கம் காணோம். தண்டட்டி ஆடும்போது கழுத்தோடு கரைந்து, நின்றபின் திரும்பத் தோன்றியது. பழைய கோடெக் தோற்கும்போது படம் உடையும், பார்த்த உடனே தெரிந்துவிடும். புதியது தோற்கும்போது படம் மெழுகாக உருகும், மூலத்தைப் பார்க்காதவருக்கு எது போனது என்றே தெரியாது. மூலம் அழிந்து இருபது வருடம் கழித்துப் பார்க்கும் பேரப்பிள்ளைகள், அப்பத்தாவுக்கு முகச்சுருக்கமே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் பயம் அதில்தான்.

ஏவி1-ல் படத்தின் துகளை எடுத்துவிட்டு, பார்க்கும் நேரத்தில் அதேபோன்ற துகளைத் திரும்பத் தூவும் வசதி உண்டு. திரைப்படச் சுருளின் மணலுக்கு அது நல்ல உத்தி. விஎச்எஸ்ஸின் நிற இரைச்சல் வேறு சாதி, அதற்கு இந்த உத்தி பொருந்தவில்லை.

பிட் அளவை நொடிக்கு 5 மெகாபிட் பக்கம் உயர்த்தியதும் எச்.264, எச்.265, ஏவி1 மூன்றுக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. மூன்றிலும் தண்டட்டி ஆடியது.

சீப்புப் பல்

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. நம் கேசட்டில் இருப்பது முழுப் படங்களின் வரிசை அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று நொடிக்கு 50 அரைப் படங்களாகப் பதிவாகியிருக்கும். பழைய டிவி அதை அப்படியே காட்டியது. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு அரையையும் ஒன்றாகக் கோத்தால், அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும்.

எம்பெக்-2 பிறந்ததே டிவி ஒளிபரப்புக்கும் டிவிடிக்கும் என்பதால், அரைப் படங்களைக் கையாளும் ஏற்பாடு அதில் உண்டு. எச்.264-லும் உண்டு. எச்.265-ஐ வகுத்தவர்கள் அந்தச் சிறப்பு ஏற்பாடுகளை விட்டுவிட்டார்கள். ஏவி1-ல் அடியோடு கிடையாது. அவர்கள் எதிர்காலத் திரைகளுக்காக வேலை செய்தார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோத்த படத்தை அப்படியே எச்.265-க்கோ ஏவி1-க்கோ கொடுத்தால், சீப்புப் பற்களையும் படத்தின் விவரமாக நினைத்து அது அரும்பாடுபட்டுச் சேமிக்கும்.

அதனால் புதிய வடிவத்துக்குப் போவதென்றால் முதலில் அரைப் படங்களை முழுப் படங்களாக்க வேண்டும். அப்போது பலர் செய்யும் தவறு, நொடிக்கு 25 படமாக்குவது. அசைவில் பாதி அங்கேயே போய்விடும். 50 அரைப் படத்துக்கு 50 முழுப் படம் என்றே ஆக்குங்கள். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் இருக்கும் 'பிடபிள்யூடிஐஎஃப்' வடிகட்டி இதைத் தானாகவே செய்யும். பொறுமை இருந்தால் 'க்யூடிஜிஎம்சி' இன்னும் நன்றாகச் செய்யும், நேரம்தான் பிடிக்கும்.

மிச்சம் யாருக்கு?

கணக்குப் போடுவோம். நொடிக்கு 5 மெகாபிட், மூன்று மணி நேரம் என்றால் 6.75 ஜிபி. புதிய கோடெக் பாதியாக்கித் தந்தாலும் மிச்சம் 3.4 ஜிபி. இன்றைக்குப் பெட்டிக்கடை மாதிரியான மொபைல் கடையில் வாங்கும் 64 ஜிபி பென் டிரைவில் அது ஒரு மூலை.

கோடிக்கணக்கான பேருக்கு இணையம் வழியே படம் அனுப்பும் நிறுவனத்துக்குப் பாதி என்பது மலையளவு பணம். எச்.265-ம் ஏவி1-ம் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. ஒரு குடும்பத்தின் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு அந்தக் கணக்கு வேறு. நமக்கு இருக்கும் கேள்விகள் இரண்டே: இருப்பது குறையாமல் நிற்குமா? எல்லார் வீட்டிலும் ஓடுமா?

இரண்டாவது கேள்வியை அத்தையே கேட்டார்: "மருமகனே, எங்க டிவியில ஓடுமா?" அவர் டிவியில் ஏவி1 ஃபைல் திறக்கவே இல்லை. எச்.265 படம் வந்தது, ஆனால் சொந்தக்காரர் வீடு ஒன்றில் ஒலி மட்டும் கேட்டது. எச்.264-ல் செய்த எம்பி4 ஃபைல் நான் போட்டுப் பார்த்த எல்லா டிவியிலும் போனிலும் ஓடியது. இருபது வருடப் பழமை இங்கே பலமாகிவிடுகிறது.

நான் செய்வது

மூலம் எது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும்.

*டிவிடி:* அதற்குள் இருப்பது ஏற்கெனவே எம்பெக்-2. அதைத் திரும்பச் சுருக்காதீர்கள். ஒரு தடவை சுருக்கியதை மறுபடி சுருக்கினால், முதல் சுருக்கத்தின் கறையையும் சேர்த்து இரண்டாவது சுமக்கும். உறையை மட்டும் மாற்றி, உள்ளே இருப்பதை அப்படியே எம்கேவி ஃபைலாக எடுத்து வையுங்கள். ஒரு வட்டு 4.7 ஜிபிதான். எழுதிய டிவிடியின் சாயம் நாளாக ஆகக் கெடும், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

*மினி டிவி (MiniDV) கேசட்:* இதில் படம் பதிவாகும்போதே டிஜிட்டல், நொடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் கம்பி வழியே அந்தத் தரவையே பிட் மாறாமல் நகலெடுக்கலாம். மணிக்கு சுமார் 13 ஜிபி ஆகும். அதை அப்படியே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வயர் துளையுள்ள கம்ப்யூட்டர் வருடத்துக்கு வருடம் அரிதாகிவருகிறது.

*விஎச்எஸ்:* இரண்டு நகல். முதலாவது இழப்பே இல்லாத பெட்டக நகல். சுருக்காமல் பிடித்தால் மணிக்கு சுமார் 75 ஜிபி ஆகும். அதை 'எஃப்எஃப்வி1' என்ற கோடெக்கில் போட்டால் ஒரு புள்ளிகூட மாறாமல் ஏறக்குறைய பாதியாகும். இதன் விவரம் முழுக்க 2021-ல் யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணமாக வெளியாகியிருக்கிறது. எந்த நிறுவனம் போனாலும் நாளைக்கு ஒருவர் அதைப் படித்துத் திறக்கும் மென்பொருளை எழுதிவிடலாம். இந்த நகலில் அரைப் படங்களையும் இரைச்சலையும் ஓரக் கிழிசலையும் தொடாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல வடிகட்டி வரும், அதற்கு இந்த மூலம் வேண்டும்.

இரண்டாவது, எல்லாரும் பார்க்கும் நகல். 50 முழுப் படம், எச்.264, தர எண் 18, வேகம் 'ஸ்லோ', 8-பிட் நிறம், எம்பி4. 10-பிட் எச்.264 பல டிவிகளில் ஓடாது. படத்தை 768-க்கு 576 ஆக்கிவிடுங்கள். பழைய படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. புள்ளியின் வடிவத்தைச் சொல்லும் குறிப்பைக் கவனிக்காத டிவிகளில் மாப்பிள்ளை ஒல்லியாகிவிடுவார். நிறக் குறிப்பில் பழைய பால் முறை என்று எழுத மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் சில கருவிகள் எச்டி என்று நினைத்து, கூரைப்புடவைச் சிவப்பையும் முகத்தின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். ஒலியில் சிக்கனம் பார்க்காதீர்கள். நாயனமும் தவிலும் மூன்று மணி நேரமும் கேட்க வேண்டும்.

அந்தப் பெட்டக நகல் இருக்கும்வரை, நாளைக்கு ஏவி1 எல்லா டிவியிலும் ஓடும் காலம் வந்தால் ஒரு ராத்திரியில் புதிய நகல் செய்துகொள்ளலாம். தம்பிக்கும் இதைச் சொன்னேன். "அப்ப சரிண்ணே, பெட்டக நகல்ல ஒண்ண என்கிட்டயும் கொடுங்க" என்று ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தான். ஒன்று அவன் வீட்டில், ஒன்று என் வீட்டில். எந்த ஃபைலில் என்ன இருக்கிறது, எப்போது எடுத்தது, யார் யார் தெரிகிறார்கள் என்று தாளில் எழுதி இரண்டு பெட்டியிலும் வைத்திருக்கிறோம். கேசட் அத்தையிடமே திரும்பிவிட்டது. தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் பென் டிரைவைச் செருகிப் போட்டோம். பந்திக் காட்சி வந்ததும், "அங்கயே நிறுத்துப்பா" என்றார். நிறுத்தினேன். விசிடியில் நிறுத்தியிருந்தால் கட்டங்கள்தான் நின்றிருக்கும். இங்கே அப்பத்தா பாதி திரும்பிய வாக்கில் நின்றார். இடது காதில் தண்டட்டி முன்பக்கம் வீசியிருந்தது, கழுத்தில் அதன் நிழல் தனியாகத் தெரிந்தது.

அத்தை எழுந்து டிவி பக்கம் போய் நின்று பார்த்தார். "கல்யாணத்துக்குன்னு அடகுல இருந்து மீட்டுப் போட்டுக்கிட்டு வந்துச்சு. அடுத்த மாசமே திரும்ப வச்சிருச்சு" என்றார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. தாளில் அதையும் எழுதிச் சேர்த்தேன்.